தெருமுனையில் தொங்கிய வாழ்த்து

அலெக்ஸாந்திரியா
நவம்பர் கடைசி

அன்பு மகள் தஸ்னீமுக்கு உன் அப்பன் அத்தியா எழுதுவது. அல்லாஹ்வின் காவலில் நீ சுகமாயிருக்க வேண்டும். இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்பில் குறையில்லை, மனத்தைப் பற்றி நீ கேட்காதே, நானும் சொல்லவில்லை. போனில் பேச ஆரம்பித்தாலே லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய், கடிதத்துக்கு லைன் கிடையாது, அதனால்தான் தன் அண்ணன் கல்யாணத்துக்கு வந்துவிட்டு உன் கல்லூரிக்கே திரும்பும் நெர்மீன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவள் வந்து உட்கார்ந்து தேநீர் குடித்து முடித்த பிறகுதான் விஷயத்தை அவிழ்த்தாள். உன் தோளில் கத்தி வைத்தார்களாம், இனிப் பந்தயத்தில் நீந்தவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், நீ ஒருவருக்கும் சொல்லாமல் அந்த அமெரிக்க ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தாயாம். உன் அம்மா அழவில்லை, பிஸ்கட் தட்டைக் கீழே வைக்க மறந்து கையில் பிடித்தபடியே நின்றாள். ஊருக்கு வா என்று நெர்மீன் கூப்பிட்டதற்கு, "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தத் தெருவுக்குள்ள வர்றது, நான் இனி வர்றதாவே இல்ல" என்று சொன்னாயாமே. மகளே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ நினைப்பது அந்தத் தெருமுனைப் பேனரைத்தான் என்று எனக்குத் தெரியும். தகுதிப் போட்டிக்கு முன்பே கறிக்கடை பய்யூமி கட்டி, படம் எடுத்து உனக்கும் அனுப்பினானே, "ஒலிம்பிக் செல்லும் எங்கள் வீராங்கனை தஸ்னீமுக்கு வாழ்த்துகள்" என்று போட்டு, கீழே உன் பெயரைவிடப் பெரிதாகத் தன் கடைப் பெயரையும் எழுதிக்கொண்டானே, அதுதான். துணி என் கடைத் துணி. ஜெயித்த பிறகு கட்டலாமே என்றேன். "விடு ஹாஜி, ஜெயிச்ச பிறகு கட்டுறதுக்கு ஊரே ஓடி வரும், முன்னாடியே கட்டுறவன்தான்யா சொந்தக்காரன்" என்றான். நீ பட்டாம்பூச்சி நீச்சலில் ஒரு விரல்நகம் பிந்தினாய், பேனர் மட்டும் ஒலிம்பிக் போய்விட்டது. சரி கழற்றப்பா என்றால் வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "கட்டுன கையாலயே அவுத்தா, அந்தப் புள்ள தோத்துடுச்சுன்னு நானே தம்பட்டம் அடிச்ச மாதிரி ஆயிடும் ஹாஜி, வேற யாரையாவது கேளு" என்கிறான். வேறு யாரைக் கேட்டாலும் அதே பேச்சு. நானும் ஏணியை எடுத்து இரண்டு முறை வைத்துப் பார்த்தேன், ஏறவில்லை. கோடை முழுக்க அதன் கீழேதான் கடைக்குப் போனேன் வந்தேன். நீ தோற்றாய் என்று சொல்லும் கையாக இருக்க ஒருவனுக்கும் மனம் வரவில்லை, அது தொங்கியதற்கு வேறு காரணமே இல்லை.

உன் அம்மாவோ எல்லாம் கண்ணேறு என்று முடிவு கட்டிவிட்டாள். அதைக் கழிக்கக் காகிதத்தில் பொம்மை வெட்டி ஊசியால் குத்தத் தொடங்கினாள், "பய்யூமி கண்ணு, அவன் பொண்டாட்டி கண்ணு, மூணாவது மாடிக்காரி கண்ணு" என்று தெருவையே ஒரு சுற்றுச் சுற்றி, "கடைக்கு வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் பீத்திக்கிட்ட புள்ளையோட அப்பன் கண்ணு" என்று என்னையும் ஒரு குத்துக் குத்தினாள். நான் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு மெதுவாக, "பெத்தவ என் கண்ணு" என்று சொல்லி நடு நெஞ்சில் குத்தினாள், பொம்மையைக் கரியில் போட்டாள், எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. சொத்துக்கு முதல் கண் சொந்தக்காரன் கண்தான் என்று நம் ஊரில் சும்மா சொல்லவில்லை. அன்றிலிருந்து முலூகிய்யாக் கீரையில் பூண்டுத் தாளிப்பைக் கொட்டும்போது, ருசி சேர நம் ஊர்ப் பெண்கள் மூச்சை இழுத்துப் போடும் அந்த ‘ஹா’ சத்தம் அவள் போடுவதேயில்லை. சத்தமில்லாத கீரையில் ருசி எங்கேயிருந்து வரும், இருந்தாலும் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன்.

எனக்கு வலிக்கவில்லை என்று எழுதினால் பொய், மட்டத் துணியை நல்ல துணி என்று சொல்லி நான் விற்றதில்லை. தோள் போவது எனக்கும் தெரிந்ததுதான். மூட்டை சுமந்து மாடி மாடியாக ஏறி விற்றவன், தோள் இறங்கியதும் உட்கார்ந்து விற்கப் பழகினேன், வேறு வழி இல்லாததால் பழகினேன். ஆனால் உன் கதையும் என் கதையும் ஒன்றல்ல. நான் மூட்டையை நேசிக்கவில்லை, நீ தண்ணீரை நேசித்தாய். அதற்கு என்னிடம் ஆறுதல் சரக்கு எதுவும் இல்லை. தோளில் குளிர் ஏறவிடாதே, டாக்டர் சொன்ன பயிற்சியை அரைகுறையாக விடாதே, படிப்பை முடி, இவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிகிறது.

போன வாரம், வருடா வருடம் இந்த மாதத்தில் வருகிற துடைப்பப் புயல் வந்தது, இந்த வருடம் பெயருக்கு ஏற்றபடியே கடற்கரைச் சாலையைப் பெருக்கித் தள்ளியது. காலையில் பய்யூமி நனைந்த துணிச் சுருள் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தான், "புயலே அவுத்துட்டுப் போச்சு ஹாஜி, நம்ம கை படல" என்றான், பொழைச்சோம் என்பதுபோல் நெஞ்சைத் தடவிக்கொண்டான். பிறகு அங்கேயே நின்றான். "புள்ள எப்ப வருது" என்றான். அவன் கடைப் பெயர் எல்லாம் வெயிலில் வெளுத்துவிட்டது. உன் அம்மா அந்தத் துணியைத் துவைத்து மடித்துப் பீரோவில் வைத்திருக்கிறாள். தெருமுனையில் இப்போது வானம்தான் தெரிகிறது.

இன்னொன்று. கிளப் நீச்சல் குளத்தில் மற்ற அப்பன்மார் எல்லாம் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், நான் மட்டும், குளித்து எழுந்து வருகிறவர்களைச் சுகமாக இரு என்று வாழ்த்துவோமே, அதுபோல நீ கரையேறும்போது "நயீமன்" என்பேன். "ஹாஜி, உம் பொண்ணு போட்டி முடிச்சு வர்றாய்யா, குளிச்சு முடிச்சு வரல" என்று கிண்டல் செய்வார்கள். நீ ஜெயித்தாலும் தோற்றாலும் மூச்சு வாங்க வாங்க, "அல்லாஹ் உங்களுக்கும் அந்தச் சுகத்தைத் தரட்டும்" என்று பதில் சொல்லாமல் துண்டை எடுத்ததில்லை. தகுதிப் போட்டி அன்றும் நீ போன் செய்ததும் அதைத்தான் சொன்னேன். நீ பதில் சொல்லாமல் வைத்துவிட்டாய். கிண்டல் என்று நினைத்தாயோ என்னவோ. கிண்டல் இல்லை அம்மா. நீ தண்ணீரிலிருந்து உயிரோடு மேலே வந்தாய், அப்பனுக்கு என்றைக்கும் அது போதும்.

நெர்மீன் பையில் உன் அம்மா காய்ந்த முலூகிய்யா வைத்திருக்கிறாள், தோழிகளுக்கும் கொடு. விடுமுறைக்கு வா. நீ எப்படி வந்தாலும் கதவைத் திறந்ததும் அந்தச் சொல்லைத்தான் சொல்வேன், பதிலை நேரில் நின்று சொல். அல்லாஹ் உன் தோளை ஆற்றுவானாக, உன் வழியெல்லாம் துணையிருப்பானாக.

வாசலைப் பார்த்தபடி,
உன் அப்பன்
அத்தியா