அம்மிணி பார்த்து எடுத்த படகு

மச்சான்,

இன்று காலை கொச்சியிலிருந்து கொண்டுவந்த பையைப் பிரித்தேன். மழைக்காலம் முடியட்டும் என்று படகைக் கரையேற்றிவிட்டு நாங்கள் இருவரும் திருச்செங்கோட்டுக்கு வந்து சில நாட்கள்தான் ஆகின்றன. பையின் அடியில், இன்ஜின் பக்கம் போகும்போது நீ மாட்டிக்கொள்ளும் காக்கிச் சட்டை கிடந்தது. துவைத்துத்தான் வைத்திருக்கிறோம், ஆனாலும் டீசல் வாடை போகவில்லை. கொடியில் போடப் போனவன் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். "யார்ற சட்டைங்க அது?" என்று கேட்டுக்கொண்டு வந்த என் மனைவி, பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளை நீ அம்மிணி என்று கூப்பிடுவாய், அவள் உன்னை அண்ணா என்பாள். கூடப் பிறக்கவில்லை என்று யாரும் நம்பமாட்டார்கள்.

நாம் கூட்டாக ஓட்டிய போர்வெல் ரிக் வண்டியை நினைத்துக்கொண்டேன். போர் போட ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று ஆண்டில் பாதி நாள் வெளியூரில்தான் கிடந்தோம். ஊரில் காட்டையும் மாட்டையும் பிள்ளைகளையும் நம் வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். வயதாகி, வண்டியைக் கைமாற்றிவிட்டு வீட்டோடு இருக்கலாம் என்று நான் வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. பேச்சு திரும்பியது. இடது கால் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை.

கொச்சியில் இருக்கும் மகள் ஒருமுறை எங்களைக் காயலில் படகில் கூட்டிப் போனாள். காரில் ஒவ்வொரு குழிக்கும் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறவள், அன்று தண்ணீரில் அசந்து தூங்கினாள். எழுந்ததும் சொன்னாள்: "நீங்க நாடெல்லாஞ் சுத்துனீங்க. நான் ஊட்டுலயே கெடந்தேன். இப்படியே மாசக்கணக்குல தண்ணி மேல போலாமுங்களா?"

இன்ஜின் பழுது பார்க்கும் உன் பட்டறையில் உன்னிடம் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. "படகு பாக்கலாம் மாப்ள. புதுசு நமக்குக் கட்டாது, பழசு பாக்கலாம்" என்றாய். அடுத்த வாரமே விசாரிக்க ஆரம்பித்துவிட்டாய். ஒரே உடல் கொண்ட படகு பக்கவாட்டில் உருளும், அவள் கால் தாங்காது; இரண்டு உடல்களை ஒரு தளத்தால் இணைத்த விசைப்படகுதான் சரி என்று சொன்னாய். தரகர் ஃபோனில் 'கேட்டமரான், கேட்டமரான்' என்று விளக்கிக்கொண்டிருக்க, "நம்ம கட்டுமரந்தானுங்க அது, சொல்லுங்க" என்றாயே, அன்று பட்டறையே சிரித்தது.

கோவாவில் பார்த்த முதல் படகு பளபளவென்று இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நீ கட்டிலைத் தூக்கி, அடியிலிருந்த இன்ஜினை எட்டிப் பார்த்தாய். "இதுல பெல்ட்டு மாத்தோணும்னா ஆளை மடிச்சுத்தான் உள்ள போடோணும்" என்றாய். நான் காதில் வாங்கவில்லை. கடலுக்குள் ஓட்டிக் காட்டச் சொன்னோம். முகத்துவாரம் தாண்டியதும் நடுத்தளத்தின் அடிவயிற்றில் அலை மோத ஆரம்பித்தது. ஒவ்வொரு மோதலுக்கும் தளம் அதிர்ந்தது. அவள் மேசை விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். நான் கரையைப் பார்த்து நின்றேன். நீ அவளைப் பார்த்து நின்றாய்.

"எப்படி இருக்குது அம்மிணி?"

"பரவால்லீங்ண்ணா" என்றாள். உதடு வெளுத்திருந்தது.

கரைக்கு வந்ததும் நான் முன்பணம் கொடுக்கப் போனேன், நீ கையைப் பிடித்தாய். எனக்குக் கோபம் வந்தது. "உனக்கு வர இஷ்டமில்லீனா சொல்லிப்போடு மச்சான்" என்றேன். என்னைப் படகுத்துறையின் ஓரத்துக்கு அழைத்துப் போய், அதுவரை நீ என்னிடம் பேசாததைப் பேசினாய்.

"என்ற ஊட்டுக்காரி ராமேஸ்வரம் போலாம்னு கேட்டுட்டே இருந்தா. இந்த சீசன் முடியட்டும்னேன். அடுத்த சீசன்னேன். அவ உசுரு போனப்ப நான் ஜோத்பூர்ல குழி போட்டுட்டு இருந்தேன். உன்ற அம்மிணி இன்னைக்கும் பரவால்லைன்னுதான் சொல்லும் மாப்ள. அது அப்படியே சொல்லிப் பழகிருச்சு. நாமதான் பாக்கோணும்."

முன்பணத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். மூவரும் பேருந்தேறி ஊர் திரும்பினோம்.

கொச்சியில் பார்த்த இரண்டாவது படகு அழகாக இல்லை. பெயின்ட் மங்கி, மெத்தை கிழிந்து, ஜன்னல் ஓரமெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. ஆனால் நடுத்தளம் தண்ணீரிலிருந்து நல்ல உயரத்தில் இருந்தது. இன்ஜினைச் சுற்றி ஆள் உட்கார்ந்து வேலை பார்க்க இடம் இருந்தது. படகைச் சோதிக்க வந்த பெண் பொறியாளர் சின்னச் சுத்தியலால் உடல் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். நீயும் கூடவே குனிந்து காது கொடுத்துப் போனாய். மேல்தளத்தில் ஓரிடத்தில் ஈரம் இறங்கியிருக்கிறது, விற்பவர் சரிசெய்து தர வேண்டும் என்றார். இன்ஜின் ஆயிலை அவர் குப்பியில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பியபோது, "ரத்தம் எடுத்துட்டுப் போறாங்க பாரு அம்மிணி" என்று அவளிடம் கண்ணைச் சிமிட்டினாய்.

கடலில் ஓட்டும்போது ஒரு இன்ஜினை நிறுத்தச் சொன்னாய். படகு கொஞ்சம் முரண்டு பிடித்தது. பிறகு மற்றதை வைத்தே நிதானமாகத் திரும்பி வந்தது. வேகத்தைக் குறைத்தால் டீசல் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாய். எல்லாம் முடிந்த பிறகும் எடுக்கலாம் என்று நீ சொல்லவில்லை. அலையில் போய்க்கொண்டிருக்கும்போதே அவளிடம், "டீ வெக்கிறியா அம்மிணி?" என்றாய்.

அவள் எழுந்தாள். கைப்பிடியைப் பற்றி அடுப்படிக்குப் போனாள், பால் காய்ச்சினாள், ஒரு கையில் டம்ளரோடு பின்தளத்துக்கு நடந்து வந்தாள். உன்னிடம் நீட்டிவிட்டு, யாரும் கேட்காமலே சொன்னாள்: "இது போதுங்ண்ணா. இதையே எடுத்துக்கலாம்."

அப்போதுதான் நீ என்னைப் பார்த்துத் தலையாட்டினாய்.

உரிமமுள்ள மாலுமி ஒருவரை வைத்துக்கொண்டு கொச்சியிலிருந்து வடக்கே முதல் பயணம் புறப்பட்டோம். நீ கர்நாடகத்து மால்பே வரைக்கும் வந்தாய். காலையில் ஆயில் பார்ப்பாய், மத்தியானம் அவளோடு தாயம் ஆடுவாய், தோற்றால் கத்துவாய். பேத்தியின் விசேஷத்துக்குச் சீர் செய்ய ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாய் என்று உன் மகன் அழைத்தபோது நாங்கள் அதற்கும் வடக்கே கார்வாரில் இருந்தோம். படகைக் கட்டிவிட்டு ரயிலேறினோம். உன் முகத்தைப் பார்க்க முடிந்தது. அவள் ஊன்றுகோலைப் போட்டுவிட்டு உன் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

காரியம் முடிந்ததும் சொந்தக்காரர்கள், இனி துணைக்கு ஆளில்லை, படகை விற்றுவிடு என்றார்கள். நானும் அரை மனதாக இருந்தேன். அவள்தான், "பாதி வழியில நிக்குது. போயி மீதியப் பாத்துட்டு வரலாமுங்க" என்றாள். போனோம். இதோ, இந்த வருடமும் போய் வந்துவிட்டோம்.

மச்சான், கல்யாணமான நாளிலிருந்து எங்கே போவது, எப்போது திரும்புவது என்பதையெல்லாம் நானே முடிவு செய்துவந்தவன். போன மாதம் கோவாவுக்குத் தெற்கே, சாயங்கால வெயிலில், ஆற்றுக்குள் போய் நங்கூரம் போடலாமா, அடுத்த துறைவரை போகலாமா என்று மாலுமி என்னைக் கேட்டார். பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன். அன்று நீ நின்றதுபோலவே திரும்பி நின்று, அவள் முகத்தைப் பார்த்தேன்.

"எங்க போலாம், சொல்லு."

அவள் தண்ணீரைப் பார்த்தாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை.

"இன்னங் கொஞ்ச தூரம் போலாமுங்க" என்றாள்.

போனோம்.