உங்கள் சோறு தரையில் இருக்கிறது

திரு. செங்கல்வராயன் அவர்களுக்கு,

ஆமாம், புருஷன் பேரைத்தான் எழுதியிருக்கிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். துணைக்கு நீங்கள் வேண்டாம். போன வாரம் தனியாகப் போனதால்தான் விஷயமே தெரிந்தது. காதில் குரல் கேட்காமலிருக்க நான் போடும் மாத்திரைதான் ரத்தத்தில் புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றிவிட்டதாம். மாதவிலக்கு நின்றதும், பிள்ளை பெறாமலே மார்பில் பால் கசிந்ததும் அதனால்தானாம். "ஏம்மா, உங்க வீட்டுக்காரர்கிட்ட அப்பவே சொன்னேனே?" என்றார் டாக்டர்.

மாத்திரை விஷயம் உங்கள் அம்மாவுக்குத் தெரியக்கூடாதென்று வாயை மூடிக்கொண்டீர்கள். ஆடி மாதம் பிள்ளை வரம் கேட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயில் தரையில் வாய் வைத்து மண்சோறு தின்றேன். "மலடிக்கு இன்னா ரோஷம் வேண்டிக் கீது? துன்னு" என்றார் அத்தை. நீங்கள் பக்கத்தில் நின்று செல்போன் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மாத்திரையை நானாக நிறுத்த மாட்டேன். டாக்டர் இன்று வேறு மாத்திரைக்கு மாற்றுகிறார்.

உங்கள் சோறு கூடத்தில், தரையில் கொட்டியிருக்கிறது. நீங்கள் கேட்ட வஞ்சிரக் குழம்பையும் அதன் மேலேயே ஊற்றிவிட்டேன். தட்டுகளை பீரோவில் வைத்துப் பூட்டியாயிற்று, சாவி என்னிடம். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

லோகநாயகி

பி.கு: அத்தைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மதியம் வருகிறார். பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

இன்னொன்று. தரையைத் துடைத்துவிட்டுத்தான் கொட்டினேன். எனக்கு அதுகூட நீங்கள் செய்யவில்லை.