இன்னும் ஒரு தட்டு

சியன்ஃபுவேகோஸ்
9 மார்ச் 2009

அன்புள்ள இடா,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை பல்மீரா போகும் வழியில் கார் நின்றுவிட்டது. உள்ளே சவாரிக்கு ஏறியவர்கள் ஆறு பேர். இஞ்சினுக்குத் தீப்பொறி விடுகிற பாயிண்ட் கருகியிருந்தது. அரத்தால் தேய்த்து எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்தேன். இறங்கும்போது ஒரு கிழவி, "இந்த வண்டி பொறந்தப்ப நான் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தேன். நானே இன்னும் நிக்காம நடக்கிறேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாயிண்ட்டுக்கு இடைவெளி வைப்பதுதான் சிரமம். பக்கத்து வீட்டு ஒனேலியோவை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்துச் சாவியை லேசாகத் தட்டச் சொல்கிறேன். அவன் தட்டினால் இஞ்சின் அரைச் சுற்றுச் சுற்றிவிடுகிறது. பாயிண்ட் முழுசாகத் திறக்கிற இடம் தாண்டிப் போய்விடுகிறது. மறுபடி முதலிலிருந்து. நீ பதினோரு வருஷம் அங்கே உட்கார்ந்தாய், ஒருநாளும் தாண்டியதில்லை. "இன்னும் ஒரு தட்டு" என்றால் ஒரு தட்டுத்தான்.

வேறு செய்தி இல்லை.

உன்
ரெய்னேரியோ


டாம்பா
2 ஏப்ரல் 2009

அன்புள்ள ரெய்,

நம்மூர் ஹெர்மீனியா இந்த மாதம் இங்கிருந்து ஊருக்கு வருகிறாள். அவளிடம் வலி மாத்திரையும் சவர பிளேடும் ஒரு சின்னப் பெட்டியும் கொடுத்திருக்கிறேன். பெட்டியில் இருப்பது எலக்ட்ரானிக் இக்னிஷன். பாயிண்ட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்ட வேண்டும்.

கடைக்காரர் எந்த வருஷத்துக் கார் என்று கேட்டார். ஐம்பத்து மூன்று, ஆறு வோல்ட், பாட்டரியின் பிளஸ்தான் பாடியில் மாட்டியிருக்கும் என்றேன். "இதெல்லாம் உங்களுக்கு எப்படிம்மா தெரியும்" என்று என்னையே பார்த்தார். "இதைப் போட்டுட்டா தேய்க்க வேணாம், கேப் வைக்க வேணாம், சாவி தட்டப் பக்கத்துல ஆளும் வேணாம்" என்றார். சிவப்பு ஒயர் எங்கே, கறுப்பு எங்கே என்று அவர் சொன்னதை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். மாற்றிக் கொடுத்தால் அந்த நொடியே கருகிவிடுமாம்.

ஹவானாவில் உன் விசா நேர்காணல் ஜூன் 18, காலை எட்டு மணி. நான்கு வருஷம் காத்திருந்து கிடைத்த தேதி. பஸ்ஸை நம்பாதே. இதை மாட்டினால் கார் ஹவானாவரை நிற்காமல் போகும். வருவாய் அல்லவா?

உன்
இடால்மிஸ்


சியன்ஃபுவேகோஸ்
11 மே 2009

அன்புள்ள இடா,

பெட்டி வந்தது. அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இன்னும் மாட்டவில்லை. ஒனேலியோ தினம் கேட்கிறான். "பொண்டாட்டி அனுப்பினதுக்குப் பூஜை பண்றியா, இல்ல வண்டியில போடப் போறியா" என்கிறான். எனக்குக் கோபம் வரவில்லை. இப்போதெல்லாம் எதற்கும் வருவதில்லை.

மழை தொடங்கிவிட்டது. ஹவானா விஷயம், பார்க்கலாம்.

ரெய்னேரியோ


டாம்பா
1 ஜூன் 2009

அன்புள்ள ரெய்,

பார்க்கலாம் என்று எழுதாதே. முன்பு அந்தச் சொல்லைப் படித்தால் அழுவேன். இந்தத் தடவை படித்துவிட்டு, மடித்து வைத்துவிட்டு, சலவைக்கூடத்துக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். மத்தியானம்தான் அது எனக்கு உறைத்தது. அழவில்லையே என்றுதான் பயமாக இருந்தது.

உனக்கென்று ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன். அதில் துணி குவிந்துகொண்டே இருக்கிறது. நீ போகாவிட்டால் போகவில்லை என்று எழுதிவிடு. உன்னை இங்கே அழைக்கப் போட்ட மனுவை நிறுத்திவிடுகிறேன். போனால், விடிவதற்குள் கிளம்பு.

இடால்மிஸ்


சியன்ஃபுவேகோஸ்
21 ஜூன் 2009

அன்புள்ள இடா,

நான் போகவில்லை.

பதினேழாம் தேதி மத்தியானம் பாயிண்ட்டைக் கழற்றினேன். நீ அனுப்பியது அந்த இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. நீ எதையும் மறக்கவில்லை. உன் சீட்டை எடுத்துக் கண்ணெதிரே வைத்துக்கொண்டேன். சிவப்பைக் கறுப்பின் இடத்தில் கொடுத்தேன், கறுப்பைச் சிவப்பின் இடத்தில் கொடுத்தேன். சாவியைத் திருப்பினேன். கொஞ்சம் புகை வந்தது, அவ்வளவுதான். "சீட்டை எதுக்குடா வச்சிருக்க, கண்ணு தெரியலையா" என்று ஒனேலியோ கத்தினான். கண் நன்றாகத் தெரிந்தது.

இந்த ஊரை விட மனமில்லை என்று எழுதினால் அது பொய். எனக்கு எதிலுமே மனமில்லை, இடா. அங்கே வந்தால் உன் நாற்காலியில் துணி இருக்கிற இடத்தில் நான் இருப்பேன். இவ்வளவுதான் வித்தியாசம். மனுவை நிறுத்திவிடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய பாயிண்ட்டையே திரும்பப் போட்டேன். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முன்னாலிருக்கும் ஃபேனைக் கையால் பிடித்துத் திருப்பினால் இஞ்சின் வேண்டிய இடத்தில் நிற்கும். சாவி தட்ட யாரும் வேண்டாம். இது எனக்கு எப்போதும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் நீ வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் உன்னைக் கூப்பிட்டேன். ஒனேலியோவைக் கூப்பிட்டது அந்த சீட் காலியாக இருக்க வேண்டாம் என்றுதான்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கத் தோன்றவில்லை.

ரெய்னேரியோ


டாம்பா
15 ஜூலை 2009

அன்புள்ள ரெய்,

மனுவை நிறுத்தச் சொல்லி நேற்று எழுதிப் போட்டுவிட்டேன். நாற்காலியைக் கீழ்வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டேன்.

ஃபேன் விஷயம் எனக்கும் தெரியும். கல்யாணமான முதல் வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்த ஞாயிற்றுக்கிழமை நீ தனியாக அப்படித்தான் செய்தாய். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "இடா, கொஞ்சம் வாயேன், தனியா முடியல" என்று கூப்பிட்டாய். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

ஹெர்மீனியா மறுபடி ஊருக்கு வருகிறாள், அவளிடம் புது பாயிண்ட் இரண்டு கொடுத்திருக்கிறேன். ஒனேலியோவைக் கூப்பிடாதே. தனியாகவே மாட்டிக்கொள்.

இடால்மிஸ்