பெண்களுக்கும் மண்மேடுதான்

ஜனவரி 4

மழை விட்டு ஒரு வாரம் ஆகியும் மண்மேடு காயவில்லை. சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண், குன்றாகி, மரம் நட்டுக் காடாகவும் ஆகிவிட்டது. மாதக் கடைசியில் போட்டி அங்கேதான். ரூட் போடும் பொறுப்பு எனக்கு என்பதால் காலையிலிருந்து சுற்றினேன். தெற்குச் சரிவில் செம்மண் வழுக்குகிறது, மரத்தைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கணும். உச்சியில் தைலமரங்களுக்கு நடுவே நன்றாக ஓடலாம். வடக்கே சூரைமுள். ஆடுகூட நுழையாது.

கால் முழுக்கக் கீறலோடு வந்ததைப் பார்த்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ருக்குமணி, "அது என்னதான் போட்டி டீச்சர்?" என்றாள். கையில் மேப்பும் காம்பஸும் கொடுத்துக் காட்டுக்குள் விடுவோம், அங்கங்கே கட்டியிருக்கிற கொடிகளை வரிசையாகத் தேடிப் பிடித்துச் சீக்கிரம் திரும்பி வரணும் என்றேன்.

"வழி?"

"வழி அவங்கதான் கண்டுபிடிக்கணும்."

ஜனவரி 6

தங்கராசு போன் செய்தார். போட்டிக் குழுவின் செயலாளர், தன்மையாகத்தான் பேசுவார். "மழை பேஞ்சு கெடக்கு. லேடீஸ் பிரிவை மட்டும் டவுன்ஷிப்புக்குள்ள வச்சிடலாம் டீச்சர். பிளாக் பிளாக்கா கொடி கட்டிடலாம். ரோடு இருக்கு, லைட் இருக்கு."

காலையில் நடக்கிற போட்டிக்கு லைட் எதற்கு?

வாசலில் கோலம் போடுகிறவர்களிடம் பால் பூத் எங்கே என்று கேட்டுக்கொண்டு ஓடுவதற்குப் பெயர் போட்டியா? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 7

இன்னும் கோபம் ஆறவில்லை.

ஜனவரி 11

பெரிய ஓடைப் பக்கம் போனேன். மேட்டின் நடுவே மழைத் தண்ணீர் அரித்த பள்ளம் அது. போன வருஷம் அதைத் தாண்டிக் குதிப்பதுதான் பேச்சாக இருந்தது. இன்று பார்த்தால் விளிம்பு ஓரமாகவே நீளமாக வெடிப்பு. கையை விட்டால் முழங்கை வரை போகிறது. ஒரு ஆள் வேகமாக மிதித்தால் மண்ணோடு சேர்ந்து கீழே போவான்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இதைச் சொன்னால் என்ன நடக்கும்? 'நாங்க சொன்னோம்ல' என்று பெண்களை ரோட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சொல்லாமல் விட்டால்? — சே. இப்படி ஒரு நினைப்பு வந்ததே தப்பு. சொல்லத்தான் போகிறேன். ஆனால் பெண்களை மட்டும் மேட்டிலிருந்து எடுக்கிறோம் என்றால் விட மாட்டேன்.

ஜனவரி 12

கூட்டம். வெடிப்பைச் சொன்னேன். நினைத்த மாதிரியே ஆனது.

"அதானே டீச்சர், இதுக்குத்தானே சொன்னேன்" என்றார் தங்கராசு.

"ஓடையை ரூட்லேருந்து எடுத்துடலாம் சார். ரெண்டு பிரிவுக்கும்."

"ஜென்ட்ஸ் தாண்டிடுவாங்க. போட்டோ எடுக்க ஆள் வர்றாங்க, அந்த எடம்தான் போட்டிக்கே அழகு."

"விளிம்பு ஒடைஞ்சா ஆம்பள பொம்பளன்னு பார்த்தா ஒடையும்?"

ஓடைக்கு நாடா கட்டி மூடணும், ரெண்டு பிரிவும் மேட்டில்தான் ஓடணும், இல்லையென்றால் ரூட்டில் என் பெயர் இருக்காது என்றேன். பொங்கலுக்கு அப்புறம் வேறு ஆளைப் பிடித்து ரூட் போட நேரமில்லை. அது அவருக்கும் தெரியும்.

"ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு" என்றார்.

"நான்தான்."

வீட்டில் என் கணவர் சுபாஷ் நைட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, "உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார். டிபன் கட்டிக் கையில் கொடுத்தேன்.

ஜனவரி 25

போட்டி முடிந்தது. உடம்பெல்லாம் வலிக்கிறது, இருந்தாலும் எழுதணும்.

ஆண்கள் வந்துவிட்டார்கள். பெண்களும் வந்துவிட்டார்கள், ஒருத்தியைத் தவிர. இசைப்பிரியா. குறிஞ்சிப்பாடிப் பெண், பண்ருட்டியில் முந்திரி உடைக்கிற கம்பெனியில் வேலை. நேரம் முடியப் போகிறது. தங்கராசு என்னையும் பார்க்கவில்லை, மேட்டையும் பார்க்கவில்லை, மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆபத்துக்கு ஊதச் சொல்லிக் கொடுத்திருந்த விசில் மேட்டிலிருந்து கேட்டது. ஓடினேன். ஓடைப் பக்கம் போயிருப்பாளோ? இல்லை. தெற்குச் சரிவில், தேக்கு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது.

"வழுக்கிட்டுச்சுங்க மேடம். ரொம்ப நேரமா ஊதிக்கினு இருக்கேன்."

தோளைப் பிடித்துக்கோ, இறங்கலாம் என்றேன். கையை எடுத்துக்கொண்டாள்.

"தொட்டா நான் அவுட்டுங்களா?"

"அவுட்டுதான்."

"அப்ப தொடாதீங்க. இன்னும் ரெண்டு கொடி இருக்கு. கால் வலிச்சுதுன்னு விசில் ஊதிட்டேன், இப்ப ஒரு மாதிரி நிக்க முடியுது."

"நேரம் முடிஞ்சிருக்கும்மா. கணக்குல வராது."

"வராட்டி போவுது. இத எடுக்காம வூட்டுக்குப் போனா, பாதியில வந்துட்டான்னுதான் சொல்லுவாங்க."

ஒரு குச்சியை ஒடித்து ஊன்றிக்கொண்டாள். நான் பின்னால் நடந்தேன், தொடாமல். வழி காட்டவும் கூடாது. ஒரு இடத்தில் தப்பாகத் திரும்பினாள், நாக்கைக் கடித்துக்கொண்டேன். நின்று, மேப்பைத் திருப்பிப் பார்த்து, அவளாகவே சரியானாள். ரெண்டு கொடியும் எடுத்தாள். கடைசிக் கோட்டைத் தாண்டும்போது அங்கே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தீங்களா டீச்சர்" என்றார் தங்கராசு.

"பாத்தேன் சார். முழுசா பாத்தேன்."

ஓடை விளிம்பு இடியவில்லை. அதையும் சொல்லிக் காட்டினார். இடியாததற்கு நான் வருத்தப்படணுமா?

ஜனவரி 29

குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் வேறு ஆள் ரூட் போடுவாராம். பெண்கள் பிரிவு எங்கே என்று தங்கராசுவிடம் கேட்டேன். மேட்டில்தானாம். இந்த வருஷம் ஓடிய பெண்கள் எல்லாரும் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், ரோட்டில் என்றால் வர மாட்டோம் என்று.

எனக்கு அழுகையும் வந்தது. இருக்கட்டும்.

பிப்ரவரி 9

இசைப்பிரியா போன் செய்தாள். கால் சரியாகிவிட்டதாம். "ரூட் போட்டவங்க அதுல ஓடக் கூடாதுன்னு சொன்னீங்களே மேடம். இப்பதான் நீங்க போடலையே."

பத்து வருஷமாக ரூட் போட்டே பழகிய எனக்கு இது தோன்றவே இல்லை.

பிப்ரவரி 15

விடியற்காலை தெற்குச் சரிவில் ஓடினேன். ரெண்டு தடவை விழுந்தேன். நாற்பத்திரண்டு வயசில் மூச்சு எப்படி வாங்குகிறது! நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த சுபாஷ் முட்டியைப் பார்த்துவிட்டு, மருந்து போட்டுவிட்டார். நாளைக்கு நானும் வரட்டுமா என்றார்.

வாங்க, ஆனா கை பிடிக்கக் கூடாது என்றேன்.