இருநூற்று நாற்பத்தேழில் இல்லாதது

3.8.98, திங்கள்

விடியலில் தூறல். எட்டு மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். துணி காய்ந்துவிட்டது, அந்த மட்டும் சந்தோஷம்.

புது கம்ப்யூட்டர் இன்றைக்கு இரண்டு தடவை அப்படியே நின்றது. காதுகுத்துப் பத்திரிகை, பாதியில். அணைத்து, போட்டு, மறுபடி முதலிலிருந்து. வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

தி.நகர் கடைக்கு ஃபோன். பெட்டியை விற்ற சுரேஷ்: "மேடம், உங்க மெஷின்ல விண்டோஸ் 95 கீது. இப்ப 98 வந்திருச்சு. ஆடித் தள்ளுபடில ஃப்ரீயா மாத்திக் குடுக்கிறோம். ஆடி போச்சுன்னா கிடையாது, சொல்லிட்டேன்."

ஆடித் தள்ளுபடி புடவைக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

என் பயம் ஒன்றே ஒன்றுதான். என் தமிழ் ஃபான்ட் 98-இல் ஓடுமா? ஓடாவிட்டால் இந்தப் பெட்டி எனக்கு வெறும் அலங்காரம், பூ வைத்த டிவி.

4.8.98, செவ்வாய்

வெண்டைக்காய் முற்றல். சொல்லி வாங்கியும் முற்றல்.

பஷீர் பாய் வந்தார். திருவல்லிக்கேணியில் அச்சகம் வைத்திருப்பவர். எனக்கு வேலை தருபவரே அவர்தான். நான் வீட்டில் தமிழில் அடித்து டிரேசிங் தாளில் எடுத்துக் கொடுப்பேன், அவர் அச்சடிப்பார். இன்றைக்கு வேலை கொண்டுவரவில்லை, அல்வா கொண்டுவந்தார். மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகிவிட்டது.

"பத்திரிகை நீதாம்மா அடிக்கணும். ஊருக்கெல்லாம் அடிச்சுக் குடுத்தோம், இது நம்ம வூட்டு வேலை. ஒரு எழுத்து தப்பு வரக்கூடாது."

அடுத்த வாரம் மேட்டர் தருவார். பெண்ணை எனக்கும் தெரியும். இவர் பள்ளிக்கூடத்தில் இவரிடம் தமிழ் படித்தவள். இவர் என்றால் என் வீட்டுக்காரர், தமிழாசிரியர்.

அவள் பத்திரிகையை அடிக்கும்போது பெட்டி நின்றால்? மாற்றிவிடலாம் என்று தோன்றுகிறது. மாற்றி, ஃபான்ட் போனால்? வேண்டாம் என்றும் தோன்றுகிறது. அல்வா நிறைய நெய். மூன்று துண்டு தின்றேன்.

5.8.98, புதன்

ராத்திரி சாப்பாட்டில் விவாதம்.

நான்: ஆடியில் புதுசாக எதையும் ஆரம்பிக்கக்கூடாதே.

இவர்: "இது ஆரம்பமே இல்ல, தாமரை. 95 ஏற்கெனவே இருக்கு. அதை 98 ஆக்கறோம். வெள்ளையடிக்கற மாதிரி."

நான்: வெள்ளையடிப்பதும் ஆடியில் கிடையாது.

இவர்: "அப்ப ஒட்டடை அடிக்கற மாதிரி."

மனுஷனுக்கு நாள், நட்சத்திரம் எதிலும் நம்பிக்கை இல்லை. ஆனால் விவாதத்தில் தோற்க மாட்டார். கம்ப்யூட்டரைக் 'கணிப்பொறி' என்றுதான் சொல்வார், மௌஸ் 'சுட்டி'. கடைசியில் அவரே ஒரு யோசனை சொன்னார்: சுரேஷ் கடையில் 98 போட்ட மெஷின் இருக்குமே, அதில் நம் ஃபான்டை ஏற்றி எல்லா எழுத்தையும் அடித்துப் பார்த்துவிடலாம்.

நல்ல யோசனை. ஒப்புக்கொண்டேன். ரசத்துக்கு உப்பு போட மறந்ததைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

8.8.98, சனி

உஸ்மான் ரோட்டில் நடக்க இடமில்லை. நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது கூட்டம். ஃப்ளாப்பி நசுங்காமலிருக்கக் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு மாடியேறினேன். "குழந்தையா?" என்று கேட்டாள் ஒருத்தி.

சுரேஷின் மெஷினில் ஃபான்டை ஏற்றியாயிற்று. இவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, அ, ஆ, இ, ஈ. நான் அடிக்க அடிக்கத் திரையில் வந்தது. ஆய்த எழுத்தும் வந்தது. க வரிசை, ங வரிசை. ஙௌ-வைக்கூட விடவில்லை இவர். அந்த எழுத்தை வைத்து எந்தத் தமிழன் எந்தச் சொல்லை எழுதினான்?

ராகம் போட்டுச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கீபோர்டு வாங்க வந்தவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். "இன்னா மேடம், கடை ஸ்கூலு மாதிரி ஆயிடுச்சு" என்றான் சுரேஷ்.

ன வரிசை முடிந்தது. ஒன்றுகூடப் பிசகவில்லை. இவர் எழுந்து நின்று, "இருநூற்று நாற்பத்தேழும் நலம்" என்றார். ஒரு பெரியவர் கைதட்டினார்.

முடிவாகிவிட்டது. மாற்றுகிறோம். வழியில் ஆளுக்கொரு கரும்புச்சாறு. வெகு நாளைக்குப் பிறகு இவரோடு வெளியில் இப்படி.

10.8.98, திங்கள்

சுரேஷ் வந்து 98 போட்டுவிட்டுப் போனான். காபி இரண்டு தடவை. கோப்பெல்லாம் பத்திரம். திரை பளிச்சென்று இருக்கிறது. டியூஷன் சென்டர் நோட்டீஸ் முழுக்க அடித்தேன், ஒருமுறைகூட நிற்கவில்லை. என்ன சுகம். பயந்ததெல்லாம் வீண்.

12.8.98, புதன்

பஷீர் பாய் மேட்டர் வந்தது. நீலக் காகிதத்தில் அவரே எழுதியது, குண்டு குண்டாக அழகான கையெழுத்து.

அடித்தேன். மணமகள் பெயருக்கு வந்தேன். ஹஸீனா.

திரையில் 'ஸீனா'. முன்னால் வெறும் இடம்.

மறுபடி அடித்தேன். மறுபடி வெறும் இடம். 'ஹாஜி'யில் ஒரு கால் மட்டும் அநாதையாக நிற்கிறது. 'நிக்காஹ்'வில் புள்ளி மட்டும் மிதக்கிறது. ஜ வருகிறது, ஷ, ஸ எல்லாம் வருகிறது. ஹ மட்டும் இல்லை.

இருநூற்று நாற்பத்தேழில் ஹ ஏது! தினமும் ஹ அடிக்கிற எனக்கும் கடையில் தோன்றவில்லை. இவர் கண்ணை மூடிச் சொன்னார், நான் கண்ணைத் திறந்துகொண்டே அடித்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். புத்தி!

ஃபோனில் சுரேஷ் சொன்னது எனக்குப் புரிந்தவரை: ஃபான்ட் செய்தவர்கள் ஹ-வை வைத்த இடத்தை, புது சிஸ்டம் காலி இடம் என்று எடுத்துக்கொள்கிறதாம். ஃபான்ட்காரர்கள் புதிதாகச் செய்து தந்தால்தான் உண்டு. எப்போது? தெரியாது. பத்திரிகை ஞாயிற்றுக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

13.8.98, வியாழன்

மழை வருகிற மாதிரி இருந்து வரவில்லை. தலைவலி.

இவர் கவலையே படவில்லை. "ஹ வராட்டி அ போடு. அசீனா. இலக்கணப்படி அதுதான் சரி. வடவெழுத்து நமக்கு எதுக்கு?" என்னைக் கேட்காமல் பஷீர் பாய்க்கே ஃபோன் போட்டுவிட்டார். பாய் என்ன சொன்னாராம்? "வாத்தியாரே, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பாய்க்கு இவர்மேல் அவ்வளவு மரியாதை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. ஒரு எழுத்து தப்பக்கூடாது என்று அல்வாவோடு வந்து சொன்ன மனுஷன்.

எனக்கு வைத்த பெயர் சரோஜா. கல்யாணமான மாசமே இவர் தாமரை ஆக்கினார். அர்த்தம் ஒன்றுதான், கூப்பிடுகிற விதமும் ஆசையாகத்தான் இருக்கும், பழகிவிட்டது, பிடித்தும்விட்டது. ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஹஸீனாவையும் யாரும் கேட்கவில்லை.

14.8.98, வெள்ளி

காலையில் சுரேஷுக்கு ஃபோன். 98 வேண்டாம், 95-ஐயே திரும்பப் போட்டுக்கொடு.

"மேடம், ஊரே முன்னாடி போய்க்கினு கீது. நீங்க பின்னாடி போறேன்றீங்க."

ஆமாம் என்றேன். பின்னால்தான் ஹ இருக்கிறது.

"பழையபடி தொங்கும் மேடம்."

தொங்கட்டும். நாலு வரிக்கு ஒருதரம் சேமித்துக்கொள்கிறேன்.

வந்தான், முணுமுணுத்துக்கொண்டே போட்டான். வைத்த கேசரியைத் தின்றதும் முணுமுணுப்பு நின்றது. மத்தியானம் முழுக்க அதற்கே போயிற்று. அவன் போனதும் முதலில் ஹ அடித்தேன். வந்தது. அப்பாடா.

பத்திரிகையை அடித்து முடிப்பதற்குள் ஒருமுறை நின்றது. சேமித்திருந்தேன்.

இவர் பள்ளியிலிருந்து வந்தார். "ஹ எல்லாத்தையும் மாத்திட்டியா?" என்றார். மாத்திட்டேன் என்றேன். சட்டையைக் கழற்றி மாட்டினார். நான் மாற்றியது 98-ஐ என்று அவருக்குத் தெரியாது.

15.8.98, சனி

கொடியேற்றிவிட்டுச் சட்டையில் கொடி குத்தியபடியே இவர் வந்தார். பையில் எனக்கு ஒரு சாக்லேட், பிசுபிசுத்துப்போய்.

பதினோரு மணிக்கு பஷீர் பாய், மகளோடு. புரூஃப் பார்க்க வேண்டுமென்று அவளே கேட்டாளாம். அவர்கள் வந்ததும் இவர் கைலியை மாற்றிக்கொண்டு வேட்டியில் வந்து உட்கார்ந்தார்.

தாளை வாங்கினாள். மாப்பிள்ளை பெயரைப் பார்க்கவில்லை, தேதியைப் பார்க்கவில்லை. தன் பெயரில் விரலை வைத்தாள். பிறகு சிரித்தாள்.

"ஐயா, ஹ போட்டிருக்கீங்களே!"

பாய், "அசீனான்னு வரும்னு சொன்னீங்களே வாத்தியாரே?" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் தட்டில் முறுக்கை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அவள்தான் பேசினாள், கேலியாக, துளிக் கோபம் இல்லாமல். "ஆறாவதுலேர்ந்து ஐயா கிளாஸ்ல நான் அசீனா. ஹ போட்டு எழுதினா சிவப்பு மையில சுழிச்சுடுவாங்க. சர்டிபிகேட்லயும் அப்படியே வந்துடுச்சு. வூட்ல ஒரு பேரு, தமிழ் பேப்பர்ல ஒரு பேரு. அச்சுல என் பேரு என் பேராவே வர்றது இதுதான் ஃபர்ஸ்ட் டைம்."

பாய் உடனே, "ஏய், ஐயாகிட்ட இன்னா பேச்சு" என்றார். இவர், "இருக்கட்டும், பாய்" என்றார். குரல் சின்னதாக இருந்தது.

முறுக்கு, காபி. மாப்பிள்ளை வீட்டு வலீமா விருந்துக்குத் தனியாக ஒரு சின்ன அட்டை வேண்டுமென்று பாய் கேட்டார். சாயங்காலம் தருகிறேன் என்றேன். போனார்கள். வாசல்வரை போய் வழியனுப்பினார் இவர், வழக்கமில்லாமல்.

திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை நாளில் இந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றி, கீபோர்டின்மேல் குனிந்து, ஒற்றை விரலை வைத்துக்கொண்டு தேடினார்.

"அந்தச் சின்ன அட்டைல பொண்ணு பேரை நான் அடிக்கிறேன். ஹ எந்தப் பொத்தான்?"

காட்டினேன்.