முழங்கை மடிப்பும் நம் யானையும்

இன்று தொழுகைக்கு முன் ஒளுச் செய்யும்போது கையை நீட்டித் தண்ணீர் விட்டேன். முழங்கை மடிப்புகளில் தங்கிய தண்ணீர், கையை மடக்கியதும் வழிந்து போனது. உன் ஞாபகம் வந்துவிட்டது. நேரமாகிறது என்று தெரிந்தும் மறுபடி மடக்கி நீட்டிப் பார்த்தேன். நீ இருந்திருந்தால், "இன்னொரு தடவை, மெதுவா பாய்" என்று கேமராவைத் தூக்கியிருப்பாய்.

குவைத்தில் துணிக்கடையில் நின்று சம்பாதித்ததைக் கும்பகோணத்தில் கம்ப்யூட்டர்கள் வாங்கி அனிமேஷன் கடை வைப்பதில் போட்டேன். கூத்தாநல்லூரில் என் சொந்தக்காரர்கள், "பொம்மை ஓட்டுற கடையாம்" என்று சிரித்தார்கள். ஊரே துபாய், சிங்கப்பூர் என்று கிளம்பிக்கொண்டிருந்த காலம். எனக்கு அனிமேஷனில் ஒன்றும் தெரியாது. ஆளைப் பார்த்தால் தெரியும். திருவையாற்றுப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போன குடும்பத்திலிருந்து படித்து மேலே வந்தவன் நீ. சென்னையில் தொழில் கற்றுத் திரும்பியிருந்தாய். வேலை உன்னுடையது, இடமும் மெஷினும் என்னுடையவை என்று பங்குக்காரர்கள் ஆனோம்.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, கிழட்டு யானையொன்றை நடக்கவிட்டு மாதிரி காட்டச் சொன்னது. தேறினால் படம் முழுக்க நமக்கு. தேறாவிட்டால் நீ சிங்கப்பூர் போவதாக ஏற்பாடு. விசா கையில் வந்துவிட்டது. உன் மனைவி பிள்ளையுண்டாகியிருந்த நேரம் அது. நான் ஒளிக்காமல் சொன்னேன்: "நீ போயிட்டா இந்தக் கடைக்கு ஷட்டர்தான்."

அந்த யானைக்கு நீ செய்தது டெல்டாக்காரன் மட்டும் செய்யக்கூடிய காரியம். கோடையில் வெடித்துக் கிடந்த உங்கள் ஊர் வயலைப் படம் பிடித்து, அந்த வெடிப்புகளையே யானைக்குத் தோலாகப் போர்த்தினாய். அச்சு அசல் யானை. நானும் மயங்கிப்போனேன். கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிவிட்டான்: நிற்கும்போது யானை, நடக்கும்போது சிலை, இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம்.

"எங்கப்பாவும் வயலை நம்பித்தான் நின்னாரு. நானும் அதே வயலை நம்பி மோசம் போறேனா பாய்?" என்று சிரிக்கப் பார்த்தாய், வரவில்லை.

நான் அதை ஓட்டிப் பார்த்தேன். துணிக்காரன் கண்ணுக்கு ஒன்று பட்டது. "சட்டையில கையை மடக்கினா மடிப்பு இடம் மாறுது. உன் யானைக்கு எதுவுமே அசையலயேப்பா."

"பாய், கையை நீட்டுங்க."

நீட்டினேன். முழங்கையின் பின்பக்கம் தோல் சுருங்கி நின்றது. மடக்கினேன், சுருக்கம் மறைந்து போனது. உள்பக்கம் மடிப்பு விழுந்தது. நீ எழுந்தே விட்டாய். "மண்ணு பத்தாம வெடிக்குது. தோலு மிச்சமா இருக்கப் போய்ச் சுருங்குது. தலைகீழாப் பண்ணிட்டேன் பாய்!"

அன்று முதல் என் முழங்கை, கழுத்து, விரல் கணு எல்லாம் உனக்குச் சரக்கு. படியேறி வந்த என் மச்சான் நீ என் கழுத்தை உற்றுப் பார்ப்பதைக் கண்டு, "என்ன வியாதி? டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?" என்று பதறினார். யானைத் தோலைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்தாய். கால் மடங்கும்போது நெருக்கப்படும் கட்டத்தில் மடிப்பு எழும்ப வேண்டும், இழுபடும் கட்டத்தில் மறைய வேண்டும். மடிப்பு ஓடும் திசையை மட்டும் நீ கையால் வரைந்தாய்; ஆழத்தை யானையின் நடையே முடிவுசெய்தது.

இரண்டாவது யானை காலை ஊன்றியபோது தோல் ஒரு கணம் தாமதித்துக் குலுங்கி அடங்கியது. இன்னொரு தடவை ஓட்டச் சொன்னேன். தேறிவிட்டது என்று பதில் வந்த அன்று நீ விசாவைப் பற்றிப் பேசவே இல்லை. "அடுத்து என்ன மிருகம் பாய்?" என்று மட்டும் கேட்டாய்.

பிறகு காண்டாமிருகம், ஆமை, பெயரில்லாத ராட்சசர்கள் என்று எத்தனையோ செய்தோம். அவற்றுக்கெல்லாம் முதுமையைக் கொடுத்த உன் முகத்தில் ஒரு சுருக்கம் விழுவதற்குள் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது. அது மட்டும் எனக்கு ஆறவில்லை.

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். மன்னார்குடிப் பக்கத்துப் பெண். அங்கே இதே வேலையில் இருக்கிறாளாம். "சார், நம்ம ஊர்ல இந்த வேலை கிடைக்குமா? ஊரோட வந்துரணும்னு இருக்கு." நீ தங்கியதால்தான் அந்தக் கேள்விக்கு இங்கே ஒரு பதில் இருக்கிறது.

"கிடைக்கும்மா, வந்துரு" என்றேன். வியாபாரி நான், சம்பளம் பேசாமல் ஒருவரை வேலைக்கு வரச்சொன்னது இதுதான் முதல் தடவை.