லென்ஸுக்கு நீ வைத்த பொட்டு

அம்மா,

இன்று காலை உன் பழைய கேம் பெட்டியைக் கரண்டில் மாட்டி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, சந்தன வாசனை வந்துவிட்டது. ஊதுபத்தி இன்னும் கொளுத்தவில்லை. உன் படத்துக்குப் பொட்டும் வைக்கவில்லை. பெட்டி சூடேறச் சூடேற அதன் வயிற்றுக்குள்ளிருந்து வந்தது அந்த வாசனை. எத்தனை தடவை பஞ்சால் துடைத்தாயிற்று, போகவே இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். வாசனை வருகிறது என்றால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது என்றுதானே அர்த்தம். ஆனால் டிவியில் வெறும் கறுப்புத்தான் தெரிந்தது. சிடி உள்ளே கரகரவென்று இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றுவிட்டது.

இன்று உன் நாலாவது திதி. அக்கா தெமோதரைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே பதுளையில் என் வீட்டுக்கு வந்து இறங்கிவிட்டாள். வந்ததும் வராததுமாகச் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்ட முதல் கேள்வி, பெட்டி ஓடுதா என்பதுதான். உனக்குத் தெரியாத ஒரு வழக்கம் நம் வீட்டில் உண்டாகிவிட்டது. போனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் படையலில் வைக்கவேண்டும் என்று முதல் திதியில் பெரியவர்கள் சொன்னார்கள். தேங்காய் ரொட்டி வைத்தோம், கட்டச் சம்பல் வைத்தோம், சீனி தூக்கலாக ஒரு பிளேன்டீ வைத்தோம். அக்கா உள்ளே போய் உன் கன்ட்ரோலரைக் கொண்டுவந்து வாழையிலையின் ஓரத்தில் வைத்தாள். வந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும். காக்கைக்குச் சோறு வைத்த பிறகு அந்தக் கன்ட்ரோலரை அக்கா எடுப்பாள், மற்றதை நான் எடுப்பேன். ஒரே ஒரு ரேஸ். அது முடிந்தால்தான் சாப்பாடு.

போன வருடம் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். புதுப் பெட்டி ஒன்று வாங்கி, அதில் அதே ரேஸின் புதுப் பதிப்பைப் போட்டுவைத்திருந்தேன். பெட்டி பார்க்க ராஜா மாதிரி இருக்கும். சிடி கிடையாது, வயர் கிடையாது. மழை பெய்தால் ரோட்டில் ஈரம் மினுங்குவது தெரியும். உன் பழைய பெட்டியைத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன். ரேஸில் அக்காதான் ஜெயித்தாள். ஆனால் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த அந்த வார்த்தையை அவள் சொல்லவே இல்லை. நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து ரொட்டி எடுக்கப் போய்விட்டாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அந்த ராஜா இந்தப் புதன்கிழமை மண்டையைப் போட்டார். மூன்று தடவை பீப் என்றார், விளக்கை அணைத்துக்கொண்டார், அவ்வளவுதான். வாங்கிப் பதினைந்து மாதம். கியாரண்டி பன்னிரண்டு மாதம். பஜாரில் ரிப்பேர் பார்க்கும் தம்பி திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான். எல்லாம் ஒரே போர்டில் ஒட்டியிருக்கிறதாம், ஒன்று போனால் எல்லாம் போனதாம், புதிது வாங்குவதுதான் லாபமாம். ஆக, அலுமாரிக்கு மேலிருந்து உன் பெட்டியை இறக்கினேன்.

அது தோட்டத்தில் நம் லயத்து வீட்டுக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? கொழும்பில் கடையில் வேலைக்கு நின்ற மாமா தீபாவளிக்கு வந்தபோது கொண்டுவந்தார். முதலாளியின் பிள்ளைகள் புதிது வாங்கியதால் கழித்துவிட்ட சாம்பல் நிறப் பெட்டி. நான் அப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பதாகப் பெயர். நீ மலையிலிருந்து இறங்கி, கூடையை வாசலில் வைத்து, காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே என்னைத் திட்டுவாய். ஒரு நாள் பெரிய மழை. வேலையைப் பாதியில் நிறுத்தி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செய்வதற்கு ஒன்றுமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தவள், அதைக் கொடு பார்ப்போம் என்று கையை நீட்டினாய். அத்தோடு என் கதை முடிந்தது.

சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத நீ கார் ஓட்டிய விதம் இருக்கிறதே! பிரேக் என்ற ஒன்றையே தொடமாட்டாய். வளைவு வந்தால் உடம்பு முழுவதையும் சாய்த்து என் மேல் விழுவாய். மலைப் பக்கத்துச் சுவரில் உரசி, தீப்பொறி பறக்க, அப்படியே முன்னால் போய்விடுவாய். அது கள்ளத்தனம் என்று நான் கத்தினால் உன் பதில் தயாராக இருக்கும்.

“பதுள பஸ்காரன் மட்டும் பிரேக் புடிச்சா போறான்?”

என் கட்டைவிரல் ஒரு பட்டனைத் தேடுவதற்குள் உன் இரண்டு கட்டைவிரலும் நாலு பட்டனை அழுத்தியிருக்கும். இரண்டு கையும் இரண்டு வேலை செய்யும், கண் மட்டும் ரோட்டில் இருக்கும். லயத்தில் என் வயதுப் பையன்கள் ஒவ்வொருவராக வந்து உன்னிடம் தோற்றுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் காம்பரா வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது.

பிறகு வந்தது ஆயுத பூஜை. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, தையல் மெஷின் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தாய். பெட்டிக்கும் வைக்கவேண்டும் என்று உனக்குத் தோன்றியது. மூடிக்கு மேல் வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. நீ மூடியைத் திறந்து பார்த்திருக்கிறாய். உள்ளே கண் மாதிரி ஒன்று மினுங்கியிருக்கிறது. சிடியைப் பார்த்துப் படிக்கிற கண் அதுதான் என்று நானே ஒரு நாள் உனக்குச் சொல்லியிருந்தேன். கண்தானே பெரிசு, அதற்குத்தானே முதல் மரியாதை. லென்ஸின் நட்டநடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். கையோடு மஞ்சள் தண்ணீரும் தெளித்தாய்.

நான் டியூஷன் முடிந்து வந்து பார்த்தேன். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். கடைசியாகச் சொன்னேனே, அதை இன்று எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

“கொழுந்து பறிக்கிற கைக்கு இதெல்லாம் எதுக்கு?”

நீ உன் கையைப் பார்த்தாய். விரல் இடுக்கெல்லாம் தேயிலைக் கறை. பிறகு இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாய். அந்த மறைத்தலைத்தான் அம்மா என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த நாள் காலை வேலை பிரிக்கிற பெரட்டுக்கு நீ போகவில்லை. ஒரு நாள் பேரையும் அதற்கான சம்பளத்தையும் விட்டுக்கொடுத்து, பெட்டியைப் பழைய சேலையில் சுற்றிக் கொழுந்துக் கூடைக்குள் வைத்து, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பதுளைக்கு பஸ் ஏறினாய். கேம் பெட்டி ரிப்பேர் செய்கிறவர் அப்போது அங்கே யாருமில்லை. நீ போனது மணிக்கூடு திருத்துகிற கடைக்கு. கண்ணில் சந்தனம் பட்டுவிட்டது, துடைத்துக் கொடுங்கள் என்று கேட்டாயாம். அவர் உன் கண்ணைப் பார்த்தாராம்! பிறகு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பஞ்சை ஸ்பிரிட்டில் தோய்த்து, அரை மணி நேரம் துடைத்தார் என்று நீயே சிரித்துச் சிரித்துச் சொன்னாய். வீட்டுக்கு வந்து மாட்டினோம். சிடி சுற்றியது, படம் வரவில்லை. நான் கைவிட்டுவிட்டேன். நீ விடவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பு மக்கர் செய்தாலும் ரேடியோ இரைந்தாலும் நீ செய்கிற ஒரே வைத்தியத்தைச் சொன்னாய்.

“கவுத்துப் போட்டுப் பாரேன்.”

கவிழ்த்துப் போட்டேன். படம் வந்தது! அம்மா, அன்று நாம் மூன்று பேரும் குதித்த குதியில் பக்கத்துக் காம்பராவிலிருந்து சுவரைத் தட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி ஒருநாளும் நிமிர்ந்து ஓடியதில்லை. சூடானால் சந்தனம் மணக்கும். அன்றைய ரேஸில் நீ என்னைத் தோற்கடித்துவிட்டு, மறைத்து வைத்த அந்த இரண்டு கையையும் என் மூக்குக்கு நேராக விரித்துக் காட்டினாய்.

“பாத்தியாடா, கொழுந்து பறிக்கிற கை.”

கோபமில்லை, குத்தலில்லை, ஒரே சிரிப்பு. அன்றிலிருந்து ஒவ்வொரு வெற்றிக்கும் அதுதான் உன் கோஷம். நான் எறிந்த கல்லையே எடுத்து நீ கிரீடமாகச் சூடிக்கொண்டாய். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும் போதெல்லாம் அடுத்த ரேஸைத் தொடங்கிவிடுவாய். கடைசி வரை கேட்கவே விடவில்லை.

புதியது உறுதியில்லை, பழையதுதான் கெட்டி என்று சிலர் சொல்கிறார்கள். நான் சொல்லமாட்டேன். உன் பெட்டி வாரத்துக்கு ஒரு தடவையாவது நம்மைப் படுத்தியது. பனிக் காலத்தில் போர்வை சுற்றிச் சூடாக்கினோம். கரண்ட் குறைந்தால் பல்பை அணைத்தோம். புதுப் பெட்டி பதினைந்து மாதமும் ஒரு முனகல் இல்லாமல் வேலை செய்தது. ஆனால் பழையது நோய்வாய்ப்பட்டால் என்ன நோய் என்று சொல்லும், மூடியைத் திறக்க விடும், பஞ்சுக்கும் ஸ்பிரிட்டுக்கும் இடம் கொடுக்கும். புதியதற்கு நல்ல தேகம், ஆனால் ஒரே ஒரு சாவு. நாம் தப்புச் செய்தால் திருத்துவதற்கு அது வழி வைக்கவில்லை.

இன்று காலைக்கு வருகிறேன். கறுப்பு டிவியின் முன்னால் நான் திருகாணி முடுக்கியும் பஞ்சுமாக உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருடத்தில் எனக்கு மறந்தேபோய்விட்டது பார்! இலை போட்டாயிற்று, காக்கைக்கும் வைத்தாயிற்று. அக்கா படையலிலிருந்து உன் கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு வந்தாள், நிமிர்ந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். அதைத் தூக்கிக் கவிழ்த்தாள்.

ஒரு சுற்று. இரண்டு சுற்று. கரகர. பிறகு அந்தப் பழைய சங்கீதம்! நான் கத்தியதில் என் மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள்.

ரேஸைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? நான் வளைவுகளில் ஒழுங்காகப் பிரேக் பிடித்தேன். அக்கா சுவரில் உரசிக்கொண்டே போனாள். கடைசி வளைவில் என் மேல் சாய்ந்தாள், முந்தினாள், ஜெயித்தாள். கன்ட்ரோலரை மடியில் வைத்தாள். அவளும் உன் மலையில்தான் இன்னும் வேலை செய்கிறாள். இரண்டு கையையும், கறையோடு, என் மூக்குக்கு நேராக விரித்தாள்.

“பாத்தியாடா தம்பி, கொழுந்து பறிக்கிற கை.”

இதைக் கேட்கத்தான் அம்மா திதிக்குத் திதி இந்த ரேஸை வைக்கிறேன். அந்தக் கைகளைப் பிடித்து என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நீ கேட்க விடாத மன்னிப்பை அவளிடம் கேட்டேன். அவளும் உன் மகள்தானே, இன்னொரு ரேஸ் போடு என்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் சந்தனக் கிண்ணத்தில் மீதி இருந்தது. கவிழ்ந்து கிடந்த பெட்டிக்கு நானே ஒரு பொட்டு வைத்தேன். கண்ணில் இல்லை, முதுகில்.